சொந்த வீட்டிலிருந்து ஓர் உதாரணம்

உ

வள்ளியூர்,
23.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமா? இங்கே சாம்பாரைத் தவிர மற்ற எல்லாம் நலம்.

ஹாஸ்டலில் போன வருஷம் போலவேதான் சட்டம். செல்போன் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆபீஸ் போனில் பேசலாம், அதற்கும் வார்டன் பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்பார். அதனால் கடிதம்தான்.

பிளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுக்க விஜயம் டீச்சர் வந்திருக்கிறார். நம்ம ஊர்க்காரர், கிழக்கேகோட்டை அக்ரகாரம். "பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் தேங்காய்க்கடை போட்டிருக்கும் மாடம்மாளின் பெண்ணா நீ?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். லிட்டரரி டெர்ம்ஸ் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். வாரம் ஒன்று. அர்த்தத்தை எழுதிவிட்டு ஓர் உதாரணம் எழுத வேண்டும். நோட்ஸிலிருந்து உதாரணம் எடுத்தால் சைபர். அவரவர் சொந்த வீட்டிலிருந்துதான் எழுத வேண்டுமாம்.

முதல் வாரம் ஹைபர்போலி, அதாவது உள்ளதை ஊதிப் பெரிதாக்கிச் சொல்வது. "ஏட்டி, லட்சம் தடவ சொல்லியாச்சு, தலையைத் துவட்டுன்னு" என்று அம்மாவையே எழுதிவிட்டேன். முழு மார்க். அம்மாவிடம் சொல்.

அடுத்தது ஐரனி, நினைப்பதற்கு நேர்மாறாக நடப்பது. நீ பி.ஏ. இங்கிலீஷ் பாதி வரை படித்தவள்தானே, ஒன்று அனுப்பு. கடிதத்தின் கடைசியில் அம்மா சொன்னதை எழுத மறக்காதே. அவள் வாயில் வந்தபடியே எழுது. இழைத்து வழவழப்பாக்காதே.

இப்படிக்கு,
அஜிதா


உ

ஆரியசாலை, திருவனந்தபுரம்,
14.7.2024

அன்புத் தங்கை அஜிதாவுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐரனிக்கு நம் வீட்டில் பஞ்சமா? விக்கினம் தீர வேண்டுமென்று ஊரே அம்மாவிடம் தேங்காய் வாங்கிப் பிள்ளையாருக்கு உடைக்கிறது. அம்மா தனக்காக இதுவரை ஒரு தேங்காய் உடைத்ததில்லை. கேட்டால், "விக்கிற சரக்கை நாமளே ஒடச்சா வெளங்குமா?" என்பாள். இதை எழுது.

போன ஞாயிறு அம்மாவால் போனுக்கு வர முடியவில்லை. வாயில் ஒரு புண். வெற்றிலை புகையிலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு மொத்தக்கடையில் பில் போடும் வேலை வழக்கம்போல் ஓடுகிறது.

அம்மா சொன்னது: "சாம்பாரைக் குத்தம் சொல்லாண்டாம், கேட்டியா? உங்கப்பன் சாலைச் சந்தையில மூடை தூக்கினப்போ இதுகூடக் கிட்டல. தின்னுட்டுப் படி, வெளங்காதவளே."

இப்படிக்கு,
கலைச்செல்வி


உ

ஆரியசாலை, திருவனந்தபுரம்,
18.8.2024

மரியாதைக்குரிய விஜயம் டீச்சருக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அஜிதாவின் அக்கா. இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் வாயில் வந்தது வெறும் புண் இல்லை. கேன்சர். சென்ற வாரம் ஆபரேஷன் நடந்தது. குரல் போய்விட்டது, இனி வராது. கழுத்தில் வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு. அம்மாவுக்கு எழுதவும் தெரியாது. எல்லாம் கைஜாடைதான். எவ்வளவு நாள் என்று டாக்டரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சு இருந்தபோது, அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பன் செத்த வருஷம் அவ ஒரு வகுப்புப் பின்னால போனா. என்னாலயும் போகப்பிடாது. பரீட்ச முடியாம அவகிட்ட மூச்சு விடாதே." அப்பா போனபோது நானும் காலேஜை விட்டேன். அதுவும் அம்மா மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் செய்தி போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பணிவுடன்,
கலைச்செல்வி


வள்ளியூர்,
27.8.2024

அன்புள்ள கலைச்செல்விக்கு ஆசீர்வாதம்.

நான் க்ஷேமம். உன் க்ஷேமத்தை எந்த வாயால் கேட்பது?

சொல்ல மாட்டேன். ஆனால் இது எனக்குச் சம்மதமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகிறது. வாரம் தவறாமல் அம்மாவைத்தான் உதாரணமாக எழுதுகிறாள். போன வாரம் சிம்பலுக்கு, கோவில் கூட்டத்தில் அம்மா தன்னைக் கூப்பிடும் ஒரு கைஜாடையைப் பற்றி எழுதியிருந்தாள். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் எனக்கு ஒரு போன் செய். ராத்திரியோ பகலோ, நானே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். தம்பானூர் வந்து சேர மூன்று மணி நேரம்கூட ஆகாது. என் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது.

விஜயம்


உ

வள்ளியூர்,
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் வாய்ப்புண் ஆறியதா? மூன்று மாதமாக ஆறாத புண் என்ன புண்?

இந்த வார டெர்ம் ஃபோர்ஷேடோவிங். பின்னால் வரப்போவதை முன்னாலேயே நிழல்போலக் காட்டி வைப்பது. உதாரணம் எழுத உட்கார்ந்தால், போனுக்கு வராத அம்மாதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறாள். எழுதி, அடித்துவிட்டு, மேல்வீட்டு மாமி ஊறுகாய் ஜாடியை உடைத்த கதையை எழுதினேன். பாதி மார்க்.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு. பிளஸ் டூவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, ஆனால் வீட்டிலிருந்து எழுதிக் கேட்டால் விடுவார்கள். நீ எழுதிக் கேள். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
அஜிதா


உ

ஆரியசாலை, திருவனந்தபுரம்,
22.10.2024

அன்புத் தங்கை அஜிதாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

இந்தத் தீபாவளிக்கு வர வேண்டாம். காலாண்டில் இங்கிலீஷில் ஐம்பத்திரண்டு வாங்கியிருக்கிறாய். ஸ்பெஷல் கிளாஸை விட்டால் எப்படி? இங்கேயும் சீசன் நேரம். அம்மா காலையில் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள், நானும் பில் மேஜையை விட்டு நகர முடியாது. நீ வந்து சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய். முறுக்கும் அதிரசமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா சொன்னது: "பரீட்ச முடியட்டும்."

இப்படிக்கு,
கலைச்செல்வி


ஆரியசாலை, திருவனந்தபுரம்,
20.11.2024

மரியாதைக்குரிய விஜயம் டீச்சருக்கு,

அம்மா பத்தாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள். தைக்காட்டில் எரித்தோம். சித்தப்பா மகன் மகேஷ்குமார் கொள்ளி வைத்தான்.

உங்களுக்கு நான் போன் செய்யவில்லை. கடைசி மூன்று நாளும் உங்கள் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். குழாய் வைத்த கழுத்தோடு, எலும்பாகக் கிடக்கும் அம்மாவை அவள் பார்த்தால் அதற்குப் பிறகு எதைப் படிப்பாள்? சத்தியம் செய்து கொடுத்த கை இது. அம்மா உயிரோடு இருக்கும்போதே எப்படி மீறுவது?

இனி மார்ச் வரைக்கும்தான். கிறிஸ்துமஸ் லீவில் பிளஸ் டூ பெண்களுக்குக் கோச்சிங் உண்டு என்று அஜிதா எழுதியிருந்தாள். அதற்காக அவளை அங்கேயே இருக்க வைத்துவிடுங்கள். பரீட்சை முடிந்த அன்று நானே வந்து சொல்கிறேன்.

நான் பாவம் செய்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

கலைச்செல்வி


ஆரியசாலை, திருவனந்தபுரம்,
15.12.2024

அன்புத் தங்கை அஜிதாவுக்கு,

நாங்கள் நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கடையில் சரக்கு இருப்பு எடுக்கும் வேலை, அதனால்தான் பதில் தாமதம்.

யூஃபெமிசத்துக்கு உதாரணம் கேட்டிருந்தாய். சொல்லக் கூசும் ஒன்றை மென்மையாகச் சொல்வதுதானே அது? எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. அங்கே தோழிகள் யாரையாவது கேள்.

கோச்சிங்கை ஒழுங்காக முடி. குளிர் நாள், தலைக்கு வெந்நீர் கேட்டு வாங்கு.

அம்மா சொன்னது: "என் தங்கமே, உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். நீ நல்லா எழுதுவே, எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கோ கண்ணு."

இப்படிக்கு,
கலைச்செல்வி


உ

வள்ளியூர்,
19.1.2025

அக்கா,

நான் நலம். உன்னிடம் நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

கேரக்டரைசேஷன் நடத்தினார் டீச்சர். கதையில் ஓர் ஆள் காரணமில்லாமல் குணம் மாறக்கூடாது, மாறினால் எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரையும் பார்க்கிறவர், என்னை மட்டும் பார்க்கவில்லை.

உன் டிசம்பர் கடிதத்தை வெளியே எடுத்தேன். அம்மா என்னைத் தங்கமே என்கிறாள். கண்ணு என்கிறாள். எனக்கு டைபாய்டு வந்து பிழைத்த அன்றுகூட "சாவாம கெடந்து எம் பிராணனை எடுக்கா" என்றவள் அவள். யூஃபெமிசத்துக்குத் தெருவில் போகிறவனைக் கேட்டாலும் ஒரே உதாரணம்தான் சொல்வான். இறந்துவிட்டார் என்பதற்கு எத்தனை சொல் இருக்கிறது. உனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

இதெல்லாம் போகட்டும். உன் கடிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இல்லை.

அப்பா போன வருஷம், வருஷம் திரும்பும் வரை எந்தக் காகிதத்திலும் உ போடக்கூடாது என்றாள் அம்மா. கடைச் சீட்டு முதல் என் ஆறாம் வகுப்பு நோட்டு வரை வெறும் நெற்றியோடு கிடந்தன. நீயும் நானும் அதன்படி நடந்தோம். நீ எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதுவாய், அக்கா. அதை மீறி உ போட உன் கை வராது. எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று செய். ஒரு கார்டு எடுத்து, உச்சியில் உ போட்டு, "அம்மா நலம்" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பு. நான் வாயை மூடிக்கொண்டு படிக்கிறேன்.

அஜிதா


ஆரியசாலை, திருவனந்தபுரம்,
2.2.2025

அஜிதா,

கார்டு எடுத்தேன். முடியவில்லை.

அம்மா நவம்பர் பத்தாம் தேதி போய்விட்டாள். வாயில் வந்தது கேன்சர். ஆகஸ்டில் ஆபரேஷன், அதோடு குரலும் போனது. அதற்குப் பிறகு "அம்மா சொன்னது" என்று நான் எழுதியதில், தீபாவளிக் கடிதத்தில் இருந்தது மட்டும் அவள் முன்பே சொல்லி வைத்த வார்த்தை. டிசம்பரில் எழுதியது நான். அம்மா உன்னிடம் அப்படி ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவள் அம்மாதான். உன் படிப்பு கெட்டுவிடும் என்று பயந்தாள். டீச்சர் மேல் கோபப்படாதே, அவர் முதலிலேயே வேண்டாம் என்றார்.

கடைசி நாட்களை உனக்கு மறைக்கப்போவதில்லை. அந்த மூன்று நாளும் அம்மாவுக்கு உன் பரீட்சை நினைப்புத்தான். கையை ஓங்கித் தேங்காய் எறிவதுபோல் காட்டுவாள். பிறகு கீழே தரையைத் தொட்டு அள்ளுவதுபோல் காட்டுவாள். முதலில் எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினாள். பிறகுதான் புரிந்தது. உனக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடை, அவர் காலைத் தொட்டுக் கும்பிடு என்கிறாள். தனக்காக ஒரு நாளும் உடைக்காதவள், உனக்காக உடைக்கச் சொன்னாள்.

மூன்று நாளும் ஆஸ்பத்திரியிலிருந்து பழவங்காடிக்கு ஓடினேன். மூன்று நாளும் உடைத்தேன். ஒரு தேங்காய்ச் சில்லைக் கொண்டுவந்து காட்டி, "உடச்சாச்சும்மா" என்பேன். தலையை இல்லை இல்லை என்பதுபோல் ஆட்டிவிட்டு மறுபடியும் காட்டுவாள். ஒன்று போதாது என்கிறாள் போல என்று, மூன்றாம் நாள் பதினொன்று உடைத்தேன். அன்றைக்குச் சில்லைக் கையில் வைத்ததும் இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. மறுநாள் விடியலில் போய்விட்டாள். குளிப்பாட்டும்போது அந்த விரல்களைப் பிரிக்க முடியாமல் சில்லோடுதான் அனுப்பினோம்.

உன்னைக் கூப்பிடாமல் விட்டது சரியா என்று இப்போதும் தூக்கம் வராமல் புரள்கிறேன். ஒன்றுதான் எனக்கு ஆறுதல். சத்தியம் வாங்கிய பிறகு அம்மா உன்னைக் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால், சத்தியமாவது ஒன்றாவது, அந்த நிமிஷமே டீச்சருக்குப் போன் செய்திருப்பேன். இதை மட்டும் நம்பு.

பரீட்சையை எழுது. அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

கலைச்செல்வி


வள்ளியூர்,
9.3.2025

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

வணக்கம். ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் பேச முடியாது.

இங்கிலீஷ் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன். உங்கள் பட்டியலில் கடைசி டெர்முக்கு மட்டும் நான் உதாரணம் தரவில்லை. டிராமாட்டிக் ஐரனி. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மேடையில் நிற்கிறவருக்குத் தெரியாது. சொந்த வீட்டிலிருந்து இப்போது தருகிறேன்.

ஆறு மாதம் மேடையில் நின்றது நான். அக்கா, நீங்கள், அந்த ஆஸ்பத்திரி முழுவதும் பார்க்கிறவர்கள் வரிசை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போகும் என்று நினைக்கிறேன், எப்போது என்று தெரியவில்லை.

ஆனால் உதாரணம் அதுவல்ல. அக்காவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா காட்டிய ஜாடையைப் படியுங்கள். பிறகு சிம்பலுக்கு நான் எழுதியதை நினைத்துப் பாருங்கள்.

அப்போது எனக்கு நாலு வயது. அக்கா பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் அம்மாவோடு கடையில். தேங்காய் உடைக்கிற கல்லுக்கு அடியில் ஓடிப்போய்ச் சில்லுப் பொறுக்குவேன். மணிச் சத்தம், பஸ் ஹாரன், அம்மா கத்தினாலும் கேட்காது. அதனால் கையை ஓங்கி எறிந்து, குனிந்து தரையை அள்ளிக் காட்டுவாள். சில்லுப் பொறுக்கி. அது நான். சில்லுப் பொறுக்கி, இங்கே வா. அவ்வளவுதான் அர்த்தம். அந்த ஜாடை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை.

அம்மா மூன்று நாளும் என்னைக் கூப்பிட்டாள், டீச்சர். அக்கா மூன்று நாளும் ஓடி ஓடித் தேங்காய் உடைத்தாள்.

அக்காவின் கடிதத்தைப் படித்த அன்றே அவளுக்கு இதை ஒரு கடிதமாக எழுதினேன். மூன்று வரிதான். அனுப்பினால் அவளுக்கு ஆயுசுக்கும் போதும். கவர் ஒட்டி, ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். என்னிடம் மறைத்தவளுக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது. நேற்றுக் கிழித்துவிட்டேன்.

இப்போது மேடையில் நிற்பது அக்கா. பார்க்கிறவர்கள் நீங்களும் நானும். உங்களுக்கு மறைக்கத் தெரியும், எனக்குச் செய்து காட்டியிருக்கிறீர்கள். இதையும் மறைத்துவிடுங்கள். அவள் கடிதத்தை என்னிடம் திருப்பித் தர வேண்டாம், எரித்துவிடுங்கள்.

தங்கள் மாணவி,
அஜிதா


வள்ளியூர்,
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. பரீட்சை நேரம். இங்கிலீஷ் நன்றாக எழுதியிருக்கிறேன். இன்னும் நாலு பரீட்சை பாக்கி. முடிந்த மறுநாள் பஸ்ஸில் வருகிறேன். தம்பானூருக்கு நீ வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்.

என்னிடம் மறைத்ததை நான் மன்னிக்கவில்லை. வந்த பிறகு அதற்குச் சண்டை போடுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அழாதே.

ஆனால் ராத்திரி புரளாதே. நீ செய்தது சரிதான். கையை ஓங்கிக் காட்டினால் தேங்காய் உடை என்றுதான் அர்த்தம். தரையைத் தொட்டால் பிள்ளையார் காலைத் தொடு என்றுதான் அர்த்தம். கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அம்மா வேறு எதற்கும் அப்படிக் காட்ட மாட்டாள். நீ உடைத்ததைக் கேட்டுத்தான் அவள் நிம்மதியாகப் போயிருக்கிறாள்.

அம்மா என்னைக் கேட்கவில்லை, அக்கா.

இப்படிக்கு,
அஜிதா